கடலோர ஊருக்குக் குடிபோகும் முன் நவம்பரில் ஒருமுறை வாருங்கள்

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். இப்போது போரூரில் அடுக்குமாடி வீடு. கணவருக்கு முழுக்க வீட்டிலிருந்தே வேலை, உங்களுக்கு மாதத்தில் இரண்டு நாள் அலுவலகம். மகன் ஐந்தாம் வகுப்பு, மகள் யுகேஜி. கூடவே 68 வயது மாமியார்; சர்க்கரை உண்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. தரங்கம்பாடி, திருச்செந்தூர், ராமேஸ்வரம் மூன்றில் எது குடும்பத்துக்கு ஏற்றது, கடல் தெரிகிற மாதிரி மனை வாங்கி வீடு கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று ஊர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது போல இருக்கிறது. எனக்குக் கேட்டது வேறு: லீவுக்குப் போய்ப் பிடித்துப்போன ஊர் பன்னிரண்டு மாதமும் பிடிக்குமா, பிடிக்காவிட்டால் திரும்பி வர வழி மிச்சம் இருக்குமா. இதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் சிவில் இன்ஜினியர், சொந்த ஊர் கும்பகோணம். சுனாமிக்குப் பிறகு 2005-ல் நாகப்பட்டினம் கரையில் வீடு கட்டிக்கொடுக்கும் வேலைக்கு வந்தேன். பதினெட்டு மாதத்தில் முடித்துவிட்டுத் திரும்புவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தவன், இன்னும் இங்கேதான் இருக்கிறேன். கல்யாணம், குழந்தை எல்லாம் இங்கேதான். புதுவீடு கட்டுவதை விட, உப்பு தின்ற வீடுகளைச் சரிசெய்வதுதான் இப்போது பாதி வேலை. பரங்கிப்பேட்டையிலிருந்து கோடியக்கரை வரைக்கும் தெருத் தெருவாகத் தெரியும். தெற்கே தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் வேலைக்குப் போய்வந்த அளவுதான் பழக்கம். மண், தண்ணீர், கட்டிடம் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். பள்ளி, மருத்துவம் பற்றிச் சொல்வது ஓர் அப்பாவாகவும் மகனாகவும் பட்டறிந்தது மட்டுமே.

ஒன்றை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். கடல் தெரியும் வீடு வேண்டாம். கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே, கடைத்தெரு இருக்கிற ஊரில் வீடு எடுங்கள். சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போங்கள். இதைச் சொன்னால் எல்லோருக்கும் முகம் சுண்டிப்போகும். அதற்காகவா இவ்வளவு தூரம் வருகிறோம் என்பார்கள். ஆனால் கடற்கரையிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிற மீனவர்களைத் தவிர, இந்தப் பகுதியின் பழைய ஊர்க்காரர்கள் யாரும் கடலைப் பார்த்த மாதிரி வாசல் வைத்ததில்லை. மீனவர்களுக்கு அலையைப் பார்த்துத் தொழிலுக்குப் போக வேண்டிய தேவை இருக்கிறது. நமக்கு அது காட்சி மட்டும்தான். அந்தக் காட்சிக்கு மாதாமாதம் கொடுக்கும் விலை என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது ஜனவரியாக இருக்கும். பொங்கல் லீவில் வருபவர்களுக்கு இந்தக் கரை முழுக்கச் சொர்க்கம்தான்: வெயில் உறைக்காது, வாடைக்காற்று இதமாக இருக்கும், வயலெல்லாம் கதிர் சாய்ந்திருக்கும். ஊரின் நிஜ முகம் தெரிய இரண்டு சமயம் இருக்கிறது. ஒன்று நவம்பர் நடுப்பகுதி, இன்னொன்று மே கடைசி. மே கடைசியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக அடித்தால் கடல்காற்று பகல் இரண்டு மூன்று மணி வரைக்கும் உள்ளே வர முடியாது. அதுவரை தஞ்சாவூர் வெயிலும் கடலோரப் புழுக்கமும் சேர்ந்து அடிக்கும். ‘கடலோரம் குளுகுளு’ என்பவர்கள் அந்த நேரத்தில் வந்தவர்கள் இல்லை.

நவம்பர் பெரிய விஷயம். நம் கிழக்குக் கரைக்கு மழை என்பதே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான், புயலும் அதற்குள்தான். 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் கடலூர் பக்கம், 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. கஜா சமயத்தில் வேதாரண்யம் பக்கம் ஒரு வேலையில் இருந்தேன். காற்று ஓய்ந்து வெளியே வந்து பார்த்தபோது, நின்றுகொண்டிருந்த தென்னையை விட விழுந்து கிடந்த தென்னைதான் அதிகம். அந்தக் கிராமத்துக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. வெளிமாவட்டங்களிலிருந்து வந்த லைன்மேன்கள் இடுப்பளவு தண்ணீரில் கம்பம் நட்டதைக் கண்ணால் பார்த்தேன், யாரையும் குறை சொல்ல மனசு வரவில்லை. செல்போன் கோபுரங்கள் பேட்டரி தீர்ந்து ஒவ்வொன்றாக அணைந்தன. வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒருவர் அந்த மூன்று வாரத்தை அலுவலகத்தில் எப்படிச் சொல்லிச் சமாளிப்பார் என்பதை முன்னாலேயே யோசித்துக்கொள்ள வேண்டும். புயல் வருடா வருடம் அதே இடத்தில் வராது. இருபது வருடத்தில் ஒன்றிரண்டு முறை உங்கள் வாசலுக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் சுனாமியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பயம் நியாயம்தான், 2004 டிசம்பர் 26-ல் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல் போனார்கள். ஆனால் நான் இங்கே இருந்த காலத்தில் குடும்பங்களைத் திரும்பத் திரும்ப வெளியேற்றிய வெள்ளம் கடலிலிருந்து வரவில்லை, மேற்கேயிருந்து வந்தது. கடலோர ஊர் என்றால் ஆற்றுக்குக் கடைமடை என்று அர்த்தம். மேலே பெய்த மழையெல்லாம் நம் ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். அதே நேரத்தில் கடல் பொங்கியிருந்தால் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது, ஊருக்குள்ளேயே நிற்கும். 2023 டிசம்பர் 17, 18-ல் புயலே இல்லாமல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு தண்ணீருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நீங்கள் கேட்கிற திருச்செந்தூர் காயல்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர்தான். ‘தெற்கே மழை கம்மி, பயமில்லை’ என்று எங்கள் ஆட்களே சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது சொல்வதில்லை.

அதனால் வீடு பார்க்கும்போது கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன், மேடா பள்ளமா என்று கேளுங்கள். இந்தக் கரையில் கடலுக்கு இணையாக மணல்மேடும் பள்ளமும் மாறி மாறி, அலை அலையாக உள்ளே வரைக்கும் போகும். ஒவ்வொரு மேடும் ஒரு காலத்துக் கடற்கரை. கடல் பின்வாங்கப் பின்வாங்க விட்டுப்போன வரப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பழைய கோயில், பழைய மசூதி, பெரிய வீடுகள் இருக்கிற தெரு எல்லாம் மேட்டில் இருக்கும். பள்ளத்தில் நாற்றங்காலோ தாழைப் புதரோ இருந்திருக்கும். இப்போது அங்கே ‘நகர்’ என்று பெயர் வைத்து மனை போட்டிருப்பார்கள். வெறும் கண்ணுக்கு வித்தியாசம் நாலு அடிதான், வெயில் காலத்தில் தெரியவே தெரியாது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், ‘2018-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு’ என்று கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டிவிடுவார். அதைவிட நல்ல ஆவணம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

மேட்டுக்கு இன்னொரு குணம் உண்டு, அதுதான் தண்ணீர். கடலோர மணலில் மழைநீர் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். நன்னீருக்கு எடை குறைவு, அதனால் கலக்காமல் நிற்கிறது. கணக்கு இப்படி: நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி இருந்தால், கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். திருப்பிப் போட்டால் கதை பயங்கரம். மோட்டார் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு காலப்போக்கில் நாற்பது அடி ஏறிவரும். ஆழமில்லாத பழைய உறைகிணற்றில் கயிறு போட்டு இறைத்தவரை இனித்த தண்ணீர், நூற்றைம்பது அடி போர் போட்ட நாலாவது வருடம் கரிப்பது இதனால்தான். போர் போடுகிறவர் ‘இன்னும் ஆழம் போனா நல்ல தண்ணி வரும்’ என்பார். சில இடங்களில் ஆழத்தில் தனி நன்னீர்ப் படுகை இருப்பது உண்மைதான், ஆனால் எந்த மனைக்கு அடியில் இருக்கிறது என்பது தோண்டாமல் தெரியாது, தோண்டிய காசு திரும்ப வராது.

ஆகவே தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். தெருவில் நாலு வீட்டுப் போர் தண்ணீரை மே மாதத்தில் அளந்து பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. இரண்டாயிரத்தைத் தாண்டிய தண்ணீர் குளிக்க, துவைக்கக்கூடச் சிரமம். சோப்பு நுரைக்காது, கீசர் சுருள் சீக்கிரம் போய்விடும். மீட்டர் உப்பை மட்டும்தான் சொல்லும், கழிவுநீர் கலந்திருப்பதைச் சொல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். குடிக்க எங்கள் பக்கம் பல ஊர்களுக்குக் கொள்ளிடத்திலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது, ராமநாதபுரம் வரைக்கும் காவிரி கூட்டுக்குடிநீர் போகிறது, திருச்செந்தூர் பக்கம் தாமிரபரணி. கேட்க வேண்டிய கேள்வி ‘குழாய் இருக்கா’ என்பது இல்லை. ‘மே மாசத்துல எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது’ என்று கேளுங்கள்.

அடுத்தது என் தொழில், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் நுழைந்து கம்பியைத் தொட்டதும் துரு ஆரம்பிக்கும். துரு, கம்பியை விடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளேயிருந்து கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதனால்தான் நம் கட்டுமான விதிமுறை கடலோரச் சூழலில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது, கலவையும் குறைந்தது எம்30 என்ற பலத் தரத்தில் இருக்க வேண்டும். நடைமுறையில் நான் உடைத்துப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இருபது மில்லிமீட்டர்கூட இருந்ததில்லை. சென்னைக்கு உள்ளே கட்டிப் பழகிய மேஸ்திரி அதே கையோடு இங்கேயும் கட்டிவிடுகிறார். வாடகைக்குப் பார்த்தாலும் சரி, வாங்கப் பார்த்தாலும் சரி, புதுப் பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல் மூன்று இடம் பாருங்கள்: ஜன்னல் சன்ஷேடின் அடிப்பக்கம், பாத்ரூம் கூரை, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கும் பீம். நேர்கோட்டில் வெடிப்போ பழுப்புக் கறையோ இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. சுத்தியலால் மெல்லத் தட்டினால் பொத்தென்று வெற்றுச் சத்தம் வரும். பூச்சு வேலையில் அது தீராது.

கடலுக்கு நேர் எதிரே இருக்கிற வீட்டில் ஏசியின் வெளிப்பெட்டி, ஃபிரிட்ஜின் பின்புறம், கதவுக் கீல், சைக்கிள் செயின், மாமியாரின் சுகர் மெஷின் வைத்த அலமாரிப் பூட்டு வரைக்கும் அரிக்கும். எங்கள் ஊர் ஏசி மெக்கானிக் கடலோர வீட்டுக்கு வெளிப்பெட்டி நாலு வருடம் ஓடினால் லாபம் என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறார். என் அனுபவமும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. உள்ளே போகப் போக இந்த அரிப்பு வேகமாகக் குறைகிறது, முதல் சில நூறு மீட்டரிலேயே பெரிய வித்தியாசம் தெரியும். நடுவில் சவுக்குத் தோப்போ பெரிய மேடோ இருந்தால் இன்னும் நல்லது. நான் சொன்ன காட்சியின் விலை இதுதான்.

மனை விஷயத்துக்கு வருவோம். கடற்கரை ஒழுங்காற்று மண்டலம் என்ற சட்ட ஏற்பாடு 1991-லிருந்து இருக்கிறது, இப்போதைய அறிவிக்கை 2019-ஆம் ஆண்டினுடையது. கடல் ஏறும்போது நீர் எட்டும் உயர்ந்த கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் கைக்குள் வரும். கிராமப்புறம் என்றால் மக்கள் நெருக்கம் குறைந்த இடத்தில் முதல் 200 மீட்டர், நெருக்கம் மிகுந்த இடத்தில் முதல் 50 மீட்டர் புதுக்கட்டிடம் கூடாத பகுதி. கழிமுகம், காயல் ஓரத்துக்கும் தனி அளவு உண்டு. ‘பட்டா இருக்கு, அப்புறம் என்ன’ என்று தரகர் கேட்பார். பட்டா நிலம் உங்களுடையது என்று காட்டும். அதில் வீடு கட்டலாம் என்று சொல்லாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் ‘சீ வியூ’ மனை வாங்கி, அஸ்திவாரத்தோடு நிறுத்தி ஏழு வருடம் ஆகிறது. விற்கவும் முடியவில்லை, வாங்குகிறவர்களும் விவரமாகிவிட்டார்கள். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு, ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் அது எங்கே விழுகிறது என்று பார்த்தபிறகுதான் முன்பணம். வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்கு எடுங்கள். கோயில் நிலமும் வக்ஃப் நிலமும் இந்தப் பக்கம் ஏராளம், அதைத் தனியாக விசாரியுங்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்க, கரையே நகர்கிறது. சோழமண்டலக் கரையில் வருடக் கணக்கில் பார்த்தால் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே துறைமுகமோ கல்சுவரோ நீட்டினால் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் பசியெடுத்துக் கரையைத் தின்னும். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகம் வந்தபிறகு நகரத்துக் கடற்கரை காணாமல் போனது இப்படித்தான். மீனவர்கள் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீட்டும் கல்தடுப்பு, கேட்டுப் போராடுவதும், போட்டபின் அடுத்த ஊர்க்காரர்கள் எங்களுக்கும் போடு என்று போராடுவதும் இதே காரணத்தால். ஆகவே எந்தக் கட்டுமானத்துக்கும் வடக்கே ஒட்டி மனை வாங்காதீர்கள். நாகைக்குத் தெற்கே, குறிப்பாகப் பாக் நீரிணைக்குள், இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே உள்ளூர்க்காரர் சொல்வதே வேதம். தரங்கம்பாடியிலேயே சான்று இருக்கிறது: 1306-ல் கட்டிய மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. நம் வீட்டுக் கடன் இருபது வருடம்தான், அதற்குள் வராது என்று நீங்கள் சொல்லலாம். வரலாம், வராமலும் போகலாம், யாராலும் சொல்ல முடியாது.

இனி மாமியார். உண்மையில் இந்த முடிவை எடுக்க வேண்டியது அவருடைய இதயம்தான். ‘ஆஸ்பத்திரி இருக்கா’ என்று கேட்டால் எல்லா ஊரிலும் இருக்கிறது என்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் எந்தக் கட்டிடத்தின் வாசலில் வண்டியை நிறுத்துவீர்கள், அங்கே அந்த நேரத்தில் ஆஞ்சியோ செய்ய ஆள் இருக்கிறார்களா, போய்ச்சேர எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். இதை அவருடைய இதய மருத்துவரிடமே கேட்பது உத்தமம், அவர் சொல்லும் நிமிடக் கணக்குக்குள் வராத ஊரை அப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். என் அப்பாவுக்கு வந்தபோது அருகிலிருந்த சின்ன மருத்துவமனையில் முதலுதவி செய்து தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். நடுராத்திரி, இரண்டு மணி நேரப் பயணம். பிழைத்துக்கொண்டார், ஆனால் ஆம்புலன்ஸில் கூட உட்கார்ந்திருந்தவன் நான். நாகையில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ராமநாதபுரத்திலும் அதே வருடம் வந்தது. காரைக்காலில் ஜிப்மரின் கிளைக் கல்லூரி இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்பு நான் வந்தபோது இருந்ததை விட எவ்வளவோ மேல். இருந்தாலும் எந்தச் சிகிச்சை எந்த நேரத்தில் கிடைக்கும் என்பதை நேரில் போய் விசாரித்தால்தான் உண்டு.

இந்த அளவுகோலை வைத்தால் ராமேஸ்வரம் முதலில் விழுந்துவிடுகிறது. தீவு. சாலையில் போக ஒரே பாலம். மருத்துவக் கல்லூரி 55 கிலோமீட்டர் தள்ளி. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்கு நடந்ததைப் பெரியவர்கள் இன்னும் நேற்று நடந்தது போலச் சொல்கிறார்கள். இளைஞர்கள் தனியாகப் போய் இருக்கலாம், உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். திருச்செந்தூரில் நல்ல தண்ணீர், சென்னைக்கு ரயில், கோயில் இருப்பதால் ராத்திரியும் உயிரோடு இருக்கும் கடைத்தெரு. ஆனால் தூத்துக்குடி நாற்பது கிலோமீட்டர், திருநெல்வேலி அதற்கு மேல். சூரசம்காரம், வைகாசி விசாகம், தைப்பூசம் என்றால் உங்கள் தெருவுக்குள் உங்கள் வண்டியே போகாது. அப்புறம், குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதிலிருந்து அந்தப் பக்கம் மனை விலை வதந்தியின் கையில் இருக்கிறது. வாடகைக்கு இருங்கள், இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

தரங்கம்பாடி எனக்குப் பிடித்த ஊர், அதனால் கொஞ்சம் ஜாக்கிரதையாகச் சொல்கிறேன். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, பழைய வாசல் வளைவு, அமைதியான தெருக்கள். சாயங்காலம் நடக்க அதற்கு ஈடு இல்லை. ஆனால் 1986-ல் மயிலாடுதுறையிலிருந்து வந்துகொண்டிருந்த மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்திய பிறகு ரயில் கிடையாது. பெரிய சாமான் எது வேண்டுமென்றாலும் பொறையாறுக்கோ காரைக்காலுக்கோ போக வேண்டும். அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் தரங்கம்பாடியைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டு, குடியிருக்கப் பொறையாறு, காரைக்கால், நாகை மூன்றுக்குள் வீடு தேடுவேன். உங்களுக்கு மாமியார் இருப்பதால் காரைக்கால் அல்லது நாகை. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் என்பதால் ரேஷன் அட்டை, வண்டிப் பதிவு, அரசு மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் ஒருமுறை யோசித்துக்கொள்ள வேண்டும்; சில குடும்பங்களுக்கு அது தலைவலி, சிலருக்கு ஒன்றுமே இல்லை.

பள்ளியைப் பொறுத்தவரை உங்கள் மகன் ஆறாம் வகுப்புக்குப் போகும் சமயம் மாறுவது நல்ல நேரம். எட்டாம் வகுப்பு வரைக்கும் எனக்குக் குறையே இருந்ததில்லை. பிள்ளைகள் நடந்து பள்ளிக்குப் போனார்கள், சாயங்காலம் மணலில் விளையாடினார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு என் மகளைக் கும்பகோணத்தில் என் அக்கா வீட்டில் விட்டுப் படிக்க வைத்தேன். அவளுக்கு வேண்டிய பாடப்பிரிவும் பயிற்சி வகுப்பும் இங்கே கிடைக்கவில்லை. அந்த இரண்டு வருடம் வீடு வெறிச்சோடிப் போனதை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை. உங்கள் மகனுக்கு அந்தக் கட்டம் வர ஐந்தாறு வருடம் இருக்கிறது, இப்போதே மனதில் போட்டு வையுங்கள். இன்டர்நெட் பெரிய பிரச்சினை இல்லை. ஃபைபர் பெரும்பாலான கடைத்தெரு ஊர்களுக்கு வந்துவிட்டது; இரண்டு வேறு கம்பெனி சிம், நல்ல இன்வெர்ட்டர் இருந்தால் சாதாரண நாள் ஓடிவிடும்.

ஊர்ப் பழக்கம் பற்றிக் கொஞ்சம். சிற்றூரில் வீடு கொடுக்கும் முன் நேராகவே கேட்பார்கள்: என்ன ஆட்கள், சைவமா அசைவமா, யார் யார் இருப்பீர்கள். சில தெருக்களில் அந்தக் கேள்வியின் பதிலுக்கு ஏற்ப வீடு இருக்கும், இல்லாமலும் போகும். அதை நாகரிகமாக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கடற்கரையை நம் பூங்கா என்று நினைக்கக் கூடாது. காலையில் அது வலை உலர்த்தி, மீன் ஏலம் விட்டு, படகு இழுக்கும் இடம். மீனவர் ஊரில் பஞ்சாயத்துச் சொல்லுக்கு மரியாதை அதிகம். முதல் மாதத்திலேயே போய் வணக்கம் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால் நமக்கும் நல்லது. தெரியாத இடத்தில் குழந்தைகளைக் கடலில் இறக்காதீர்கள். எங்கே நீர் உள்ளே இழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். மீன் மலிவாகக் கிடைக்கும் என்ற கனவையும் கலைத்துவிடுகிறேன்: நல்ல வஞ்சிரமும் இறாலும் ஐஸ் பெட்டியில் ஏறி ஊரை விட்டுப் போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலையும் ஏறும். ஆனால் காலை ஏழு மணிக்கு வலையிலிருந்து உதறிய சங்கரா மீனை வாங்கிக் குழம்பு வைத்தால், சென்னை மார்க்கெட் மீனை மறுபடி தொட மனசு வராது. இதில் நான் நடுநிலையாக இல்லை.

ஆகவே என் யோசனை: போரூர் வீட்டை விற்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது வந்து, அடுத்த ஜூன் வரைக்கும் வாடகை வீட்டில் இருங்கள். ஒரு நவம்பர், ஒரு மே இரண்டையும் பார்த்துவிடுவீர்கள். மனை பற்றிய பேச்சை அதுவரை எடுக்காதீர்கள். தரகர் ‘அடுத்த மாசம் விலை ஏறிடும்’ என்பார், ஏறட்டும். அதற்கு முன்னால் இந்த நவம்பரில் மூன்று நாள் நாகையிலோ காரைக்காலிலோ ரூம் போட்டுத் தங்குங்கள். மாமியாரையும் கூட்டி வாருங்கள், ஊர்த் தண்ணீரில் போட்ட காபியை அவர் குடித்துப் பார்க்கட்டும். மழை விட்டதும் நீங்கள் பார்த்து வைத்த தெருக்களில் நடந்து, எந்த வாசலில் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். குடை கொண்டு வர வேண்டாம், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். ரெயின்கோட்டும், நான் சொன்ன அந்த டிடிஎஸ் மீட்டரும் போதும்.